ராகு காலத்தில் எழுந்த ஐஸ்கிரீம்

ஜிம்முக்குப் போகிறவன் தன் உடம்போடு நிறுத்திக்கொண்டால் குடும்பத்தில் பாதிச் சண்டை வராது. நான் நிறுத்திக்கொள்ளவில்லை. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வந்த கையோடு ஜிம்மிலும் சேர்ந்து, கை தடிக்கிறதோ இல்லையோ என்று தெரிவதற்குள் வீட்டில் எல்லோருடைய தட்டையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். "இட்லியில புரோட்டீன் எங்கம்மா இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். "சட்னியில இருக்கு, பேசாம தின்னு" என்றார் அம்மா. (பொட்டுக்கடலைச் சட்னி. யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரிதான். ஆனால் அன்று யோசிக்கும் வயசில்லை எனக்கு.)

அப்படிப்பட்ட ஒருவன் கையில் அக்காவின் பிரசவத்தை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை. யாரும் ஒப்படைக்கவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் மதுரைப் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் வேலைக்காக இங்கே வந்து, ஆவடிக்கு அந்தப் பக்கம் கோவில்பதாகையில் ஒரு பிளாட்டில் குடியேறியவர்கள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மாங்காட்டில். மாமா வீட்டுக்காரர்கள் அந்த ஊரிலேயே நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். இப்போது நிலம் இருந்த இடத்தில் குடோன் இருக்கிறது, வாடகை வருகிறது. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி. குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும்.

அக்கா உண்டானதிலிருந்து சாப்பாடு அவளுக்கு விரோதியாகிவிட்டது. பால் கொதித்தால் குமட்டல், பருப்பு வெந்தால் குமட்டல், முட்டை என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து ஓடுவாள். மூன்று மாதத்தில் சரியாகும் என்றார்கள், சரியாகவில்லை. ஏழாம் மாதம் நெருங்கியபோது டாக்டர், குழந்தையின் எடை குறைவாக இருக்கிறது, புரோட்டீன் உள்ளே போயே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை சமைத்துப் பார்த்தார். அம்மா இங்கிருந்து செய்து கொடுத்தனுப்பினார். இரண்டு பேர் சமையலையும் அக்கா பாரபட்சமில்லாமல் வாந்தி எடுத்தாள்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அம்மா அதற்காக ஓர் அறையை ஒழித்து, மெத்தையை வெயிலில் காயவைத்து, ஜன்னலுக்குப் புது வலை அடித்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அத்தையிடமிருந்து போன் வந்தது. அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எட்துக்காதீங்க சம்பந்தி. ஆவடி ரோடு பூரா பள்ளமா கீது. ஆஸ்பத்திரி எங்க ஊட்டாண்டயே கீது. புள்ள பொறக்கற வரிக்கும் இங்கயே இருக்கட்டுமே."

"சரிங்க சம்பந்தி, பாப்போம்" என்று அம்மா போனை வைத்தார். வைத்துவிட்டுச் சமையலறையில் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினார். நான் போய் நின்றதும் சொன்னார்: "நம்ம வீட்டுச் சாப்பாடுன்னா அவளுக்கு இறங்கும்டா. அதை அவங்க கண்ணால ஒரு தடவ பாத்துட்டா அனுப்பிருவாங்க."

அவ்வளவுதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து, எதைத்தான் சாப்பிடத் தோன்றுகிறது என்று கேட்டேன். "சாக்லேட் ஐஸ்கிரீம்" என்றாள். கடை ஐஸ்கிரீமில் வெறும் சர்க்கரை என்று டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். அப்படியானால் புரோட்டீனால் ஒரு ஐஸ்கிரீம் செய்துவிட வேண்டியதுதான். வளைகாப்பு மேடையில் எல்லோர் கண்ணெதிரிலும் அக்கா அதைச் சாப்பிட வேண்டும், அத்தை பார்க்க வேண்டும், அன்று சாயந்திரமே அக்கா எங்கள் வண்டியில் ஏற வேண்டும். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்தேன்.

என் ஜிம் டப்பாவை எடுத்ததுமே அம்மா பிடுங்கிக்கொண்டார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு டப்பா மாவு ஆகாதாம். சரி என்று பனீர், பால் பவுடர், வறுத்த வேர்க்கடலை, கோகோ எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் கருங்கல். கரண்டி வளைந்தது. சப்பாத்திக் கட்டையால் அடித்ததில் கட்டையில் விரிசல் விழுந்தது. அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாவு ஆட்டுறதுக்கு ஆகும்" என்று திரும்ப வைத்தார்.

போனில் தேடிப் பார்த்தேன். சர்க்கரையும் கொழுப்பும் குறைந்தால் இப்படித்தான் இறுகுமாம், கொஞ்சம் 'கம்' பவுடர் சேர்த்தால் மெத்தென்று வருமாம். அந்தக் கம்மின் பெயரைச் சொல்லி ஆவடி மார்க்கெட் முழுக்க விசாரித்தேன். ஒரு கடையில் ஆபீஸ் கோந்து எடுத்துக் காட்டினார்கள்.

வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பான். எனக்குள் மதுரைக்காரன் முழித்துக்கொண்டான். ஜிகர்தண்டாவில் போடுகிறார்களே பாதாம் பிசின், அதுவும் கம்தானே? மெத்தென்று இருக்கிறதே, ஐஸோடு ஒத்துப்போகிறதே? சின்ன வயசிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் டம்ளர் டம்ளராகக் குடித்திருக்கிறேன். ஆனால் எப்போதும் ஊறிக் கொழகொழவென்று இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அதற்கு முந்தைய நிலையில் அதைச் சந்தித்ததில்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டதற்குச் சரளைக்கல் மாதிரி எதையோ மடித்துக் கொடுத்தார்கள். இவ்வளவு காய்ந்து கிடக்கிறதே, பழைய சரக்கோ என்றுதான் சந்தேகப்பட்டேன்.

பிசினை ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். ஒரு ஸ்பூன் ஊறினால் ஒரு கிண்ணம் நிறையும். இது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும். நான்தான் கேட்கவில்லை. வளைகாப்புக்கு முந்தின நாள் சாயந்திரம் அம்மா பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் அதை மிக்ஸியில் போட்டுப் பொடித்தேன். ஒரு ஸ்பூன் போட்டால் மெத்தென்று வரும் என்றால் ஒரு கை போட்டால் பட்டாக வருமே என்று ஒரு கை அள்ளிக் கலந்து, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் எவர்சில்வர் சம்படத்தில் ஊற்றி, மூடி, ஃப்ரீசரில் வைத்தேன். ஊற நேரமே கொடுக்காமல் உறைய வைத்துவிட்டேன். உள்ளே பிசின் தன் வேலையைத் தொடங்காமல் காத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. பத்தே காலுக்குள் சீர்த் தட்டுகளோடு மாங்காட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும், பத்தரைக்கு ராகு காலம் என்று அம்மா முந்தின நாளே எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். உறவுக்காரர்கள் வேனில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஃப்ரீசர் கதவைப் பிடித்தபடி நின்றேன். கடைசி நொடியில்தான் எடுப்பேன் என்றேன். எனக்கு அந்த நேரத்தில் உலகத்தில் ஒரே எதிரி வெயில்தான்.

கிளம்பியும் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. தெர்மோகோல் பெட்டிக்குள் இருந்த ஐஸ் போதாது என்று தோன்ற, பூந்தமல்லியில் வேனை நிறுத்தச் சொல்லி ஐஸ் கடையைத் தேடி ஓடினேன். கடை திறக்கவில்லை. திறக்கும் வரை நின்றேன். ஐஸ் கட்டியோடு திரும்பி வந்தபோது வேனுக்குள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதன்பிறகு மாங்காட்டில் வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டம். வேன் நகர்ந்ததைவிட எங்கள் பெரியப்பா மணி பார்த்ததுதான் அதிகம்.

நாங்கள் மாமா வீட்டு வாசலில் இறங்கியபோது மணி பத்து முப்பத்தைந்து.

"ராகு காலம் பொறந்துட்ச்சே சம்பந்தி" என்று அத்தை பந்தலுக்கு ஓடி வந்தார். "இன்னா பண்றது, தட்டோட படி ஏறாதீங்க. இப்டி நெழல்ல குந்துங்க. டேய், மோர் எட்தா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. பார்த்துவிட்டு முதல் ஆளாக நிழலில் போய் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணி வரை வெளியே. எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வளையல், பழம், பூ, முறுக்கு, அதிரசம். அவற்றுக்கெல்லாம் ஒன்றரை மணி நேரம் ஒரு விஷயமே இல்லை. நான் பெட்டியை அணைத்துக்கொண்டு ஓரமாக நழுவினேன். அம்மா விடவில்லை.

"பெட்டிய வச்சுட்டு, சம்படத்த எடுத்துத் தட்டுல வையி. சீருன்னா நாலு பேரு கண்ணுல படணும். ஒளிச்சு வைக்க என்ன திருட்டுச் சாமானா?"

"உருகிரும்மா."

"நீ நேரத்துக்குக் கெளம்பியிருந்தா உருகியிருக்காது."

அம்மாவே பெட்டியைத் திறந்தார். சம்படத்தைத் தட்டில் வைத்தார். மூடிக்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார். தட்டை என் கையில் கொடுத்து, தூக்கின தட்டை உள்ளே போய்த்தான் இறக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பின்வாசல் வழியாக இதை மட்டும் ஃப்ரிட்ஜுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று கேட்டேன். பின்வாசல் வழியாகச் சீர் கொண்டுபோன குடும்பம் என்று பேர் வாங்கித் தரவா உன்னைப் பெற்றேன் என்றார்.

நான் நிழலைத் துரத்தினேன். பந்தலின் கிழக்கு மூலை, கார் நிழல், தண்ணீர்த் தொட்டி ஓரம், திரும்பப் பந்தல். ஐஸ்கிரீமை வெயிலில் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ராகு என்பவர் எவ்வளவு நிதானமானவர் என்று. "அங்கிட்டும் இங்கிட்டும் அலையாம ஒரு எடத்துல நில்லுடா" என்று அம்மா இரண்டு முறை சொன்னார். வீடியோ எடுக்க வந்த தம்பி, நான் நடப்பது நன்றாக இருக்கிறது என்று கேமராவோடு பின்னாலேயே வந்தார். உள்ளே ஜன்னல் வழியாக அக்கா தெரிந்தாள். பட்டுப்புடவைக்குள் பாதி ஆள்தான் இருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இந்த ஒரு கிண்ணம் அவளுக்குள் போய்விட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

சம்படத்தின் வெளிப்பக்கம் முதலில் வியர்த்தது. அப்புறம் வியர்வை நின்றது. உருகிவிட்டது என்று புரிந்தது. லேசாக ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. ஆகா, உருகவில்லை, பிசின் காப்பாற்றிவிட்டது என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா சம்படத்தையே பார்த்தார்.

"மூடி இப்படித்தான் சாஞ்சு இருந்துச்சா?" என்றார்.

இல்லை. மூடி ஒருபக்கம் கொஞ்சம் தூக்கியிருந்தது. அமுக்கினேன். அடங்கியது. கையை எடுத்தேன். மறுபக்கம் தூக்கியது. உருகிய பாலையெல்லாம் பிசின் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டு வைத்ததை, பொடியாக வேறு அரைத்து, சித்திரை வெயிலில் எழுப்பிவிட்டிருக்கிறேன். மல்லிகைச் சரத்தோடு மூடி மெல்ல மெல்ல மேலே வந்தது. நான் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன்.

மோர் கொண்டுவந்த அத்தை என் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னாபா தம்பி இது, தானா ஏந்துகினு வருது?"

"ஐஸ்கிரீம் அத்தை."

"ஐஸ்கிரீம் எறங்கித்தான இதுவரிக்கும் பாத்துக்கீறேன்" என்றார் அத்தை.

சரியாகப் பன்னிரண்டுக்கு மேளக்காரர் ஆரம்பித்தார். வரிசையாகப் படியேறினோம். வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்ற கவனத்தில் கட்டைவிரலை எடுத்துவிட்டேன். மூடி கழன்று மல்லிகையோடு விழுந்து, கூடத்தின் நடு வரைக்கும் உருண்டு சென்று, நிதானமாகச் சுற்றி, சத்தத்தோடு படுத்தது. மேளம் நின்றது. சம்படத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒன்று ஆடிக்கொண்டு நின்றது. அதில் ஒரு பங்கு வழுக்கி இறங்கி, வாசற்படியில் மஞ்சள் பூசிக் கோலமிட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. சிந்தவில்லை, தெறிக்கவில்லை. உட்கார்ந்து, நாங்கள் எல்லோரும் பார்க்கப் பார்க்கக் குலுங்கியது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வீட்டுக்கு வராமல் போனதற்குக் காரணம் நான்தான் என்று இனி ஆயுசுக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அக்கா சிரித்தாள். முதலில் இருமுகிறாள் என்று நினைத்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நாற்காலி ஆடச் சிரித்தாள். சிரிக்காதே, சிரிக்காதே என்று நாலு பேர் ஓடினார்கள். மூச்சு வாங்கியபடி கையை நீட்டினாள். "எனக்கு அதுல கொஞ்சம் குடு."

மாமா பதறிப்போய் அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். "பாலு, பனீரு, வேர்க்கடலை, கோகோ மேடம்... அப்புறம் பாதாம் பிசின்... எவ்ளோவா?" என்னைப் பார்த்தார். நான் கையை விரித்துக் காட்டினேன். "ஒரு கை மேடம்... ஊறிட்ச்சாவா?" மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். "ஊறிட்ச்சு மேடம்." கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது.

சம்படத்தில் மிச்சமிருந்ததில் ஒரு கிண்ணம். அக்கா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். கூடம் முழுக்க அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பெரியம்மா முன்யோசனையாக வாந்தி பிடிக்க ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தயாராக வந்து நின்றார். அக்கா விழுங்கினாள். காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு ஸ்பூன். பிறகு இன்னொன்று.

"வாசனையே இல்லடா. வழுக்கிட்டு எறங்குது" என்றாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

அம்மாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எல்லாம் முடியும் வரை பொறுமையாக இருந்தார். முடிந்ததும் அத்தை பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்கல்ல சம்பந்தி. எங்க வீட்டுலருந்து வந்தது மட்டும்தான் அவளுக்கு எறங்குது. நான் கூட்டிட்டுப் போறேன்."

அத்தை யோசித்தார். கோபமே இல்லை அவரிடம். நிஜமாகவே யோசித்தார். "எறங்கிச்சு, நானும்தான் பாத்தேன். ஆனா சம்பந்தி, அத யாரு செஞ்சது? நீங்களா செஞ்சீங்க?"

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"தம்பிதான செஞ்சது? அப்போ தம்பி இங்க இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல ஊட்லர்ந்துதான பாதி நாளு வேல பாக்குது. புள்ளய இந்தப் பள்ளத்துல இட்டுகினு போய் குலுக்கறதுக்கு பதிலு இதான் நல்லது. தம்பி ஒண்ணும் குலுங்காது."

இதில் எந்த இடத்தில் மறுப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டால்தான் அக்கா பிழைப்பாள் என்று நிரூபித்தவரே அவர்தான். அக்கா வேறு, "இருக்கட்டும்மா, அவன் இருந்தா எனக்குப் பொழுது போகும்" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

சாயந்திரம் வேன் கிளம்பியது. அக்காவுக்கென்று அம்மா பக்கத்தில் காலியாக விட்டிருந்த சீட்டில், அத்தை கொடுத்தனுப்பிய வாழைத்தார் உட்கார்ந்திருந்தது. நான் மாமாவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கையாட்டினேன். அம்மா ஆட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார். மகளை அழைத்துப்போக வந்தவர், மகனையும் விட்டுவிட்டுப் போகிறார்.

பிரசவம் வரை அங்கேதான் இருந்தேன். பிசினை முறையாக ஊறவைத்து, தினமும் ஒரு சம்படம். அத்தை என்னை விருந்தாளியாக நடத்தவில்லை. தண்ணி பிடிக்க, கரண்ட் பில் கட்ட, கடைக்குப் போக எல்லாவற்றுக்கும் நான்தான். பேச்சே மாறிப்போய், ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் "ஃபைலு அங்கதான் கீது" என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் திடீரென்று மாங்காட்டு அம்மன் மேல் பக்தி பொங்கி, வாரத்துக்கு மூன்று தடவை ஷேர் ஆட்டோ மாறி மாறிக் கோயிலுக்கு வந்தார். கோயிலில் இருந்த நேரம் குறைவு.

மருமகள் நல்ல எடையோடு பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் கையால் செய்த ஐஸ்கிரீமைத் தொடக்கூட மாட்டாள். "உவ்வே, ஆடுது" என்கிறாள்.

போன வருடம் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். திருவேற்காட்டில் வீடு. பெண்ணின் அம்மா கொஞ்சம் தயங்கித் தயங்கி, தங்களுக்கு ஒரே பெண், பையன் எங்களோடெல்லாம் ஒட்டுதலாக வந்துபோய் இருப்பாரா என்று கேட்டார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் கவலையே படாதீங்க. தங்கமா அனுசரிச்சுப் போவான். ஏற்கெனவே ஒரு தடவ புகுந்த வீட்டுக்குப் போயி, பேரெடுத்துட்டு வந்த பையன்தான்."